யுகுலேலே: பேனா, பரிசா, கூலியா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம். பேச்சு நடையில கை வைக்கல.)

இந்த வாரத்துக்கு வேற ஒரு டாபிக் ரெடி பண்ணி வச்சிருந்தேன். அதைத் தள்ளி வச்சுட்டு, ஒரு தப்பைத் திருத்த வந்திருக்கேன்.

மூணு எபிசோடுக்கு முன்னாடி, கையில கிடைச்ச இன்ஸ்ட்ருமென்ட்டை எடுத்து வாசிக்கப் பழகறதைப் பத்தி பேசிட்டு இருந்தோம் இல்லையா? அப்போ போற போக்குல ஒரு கதை சொன்னேன். 1879-ல ஒரு கப்பல் ஹொனலூலு துறைமுகத்துக்கு வந்துச்சு. அதுல இருந்து ஒரு ஆள் குதிச்சு இறங்கி, கையில இருந்த குட்டி கிட்டாரை வாசிக்க ஆரம்பிச்சார். அவர் விரல் ஓடின வேகத்தைப் பார்த்து, கரையில நின்ன ஹவாய் மக்கள் 'குதிக்கிற பூச்சி, குதிக்கிற பூச்சி'ன்னு கத்தினாங்க. அவங்க மொழியில அதுக்கு 'உகுலேலே'. பேர் அப்படியே நின்னுடுச்சு. இப்படி ரொம்ப கான்ஃபிடன்ட்டா சொல்லிட்டுப் போயிட்டேன்.

அடுத்த நாள் கேட்கிற ஒருத்தர் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. ஒரே வரி. "அவங்க கத்தினதை யாரு கேட்டா?"

நான் சிரிச்சுட்டு போனைக் கீழ வச்சேன். ராத்திரி தூக்கம் வரல. உண்மையிலயே யாரு கேட்டா? நான் ஏதோ ஒரு வீடியோவுல கேட்டேன். அந்த வீடியோக்காரர் வேற எங்கயோ கேட்டிருப்பார். தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட என் கதை ஆட்டம் கண்டுச்சு. ஆனா அதுக்குக் கீழ இருந்த கதை அதை விட நல்லா இருந்துச்சு. இன்னைக்கு அதுதான்.

வாத்தியத்தைப் பார்க்காதவங்களுக்காக ஒரு நிமிஷம். நாலு நைலான் தந்தி, கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கிற சைஸ். லாக்டவுன்ல ஆன்லைன்ல வாங்கி, மூணு கார்டு கத்துக்கிட்டு, அலமாரி மேல வச்சவங்க நிறைய பேர் இதைக் கேட்டுட்டு இருப்பீங்க. குற்றம் சொல்லல, நானும் அந்த கேஸ்தான். கிட்டார்ல மேல இருந்து கீழ வர வர தந்தியோட சுருதி ஏறிட்டே போகும். இதுல அப்படி இல்ல. எல்லாத்துக்கும் மேல இருக்கிற நாலாவது தந்தி, அடுத்ததை விட உயர்ந்த சுருதியில இருக்கும். ஸ்ட்ரம் பண்ணும்போது வர்ற அந்தத் துள்ளல், சும்மா இருக்கும்போதே சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம், அது பாதி அந்தத் தந்தியால வர்றது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

சரி, கப்பல். கப்பல் கதை பொய் இல்ல. அதோட பேர் ரேவன்ஸ்கிராக். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லாண்டிக்ல, போர்ச்சுகலோட ஒரு தீவு இருக்கு, மடெய்ரா. அங்க இருந்து 1879 ஏப்ரல்ல கிளம்பி, தென் அமெரிக்காவோட கடைசி முனையைச் சுத்திக்கிட்டு, நாலு மாசம் கடல்ல கிடந்து, ஆகஸ்ட்ல ஹொனலூலு வந்து சேர்ந்துச்சு. 400 பேருக்கு மேல. குடும்பம் குட்டியோட.

எதுக்கு வந்தாங்க? கரும்பு. 1870-கள்ல அமெரிக்காவோட ஒரு வணிக ஒப்பந்தம் போட்ட பிறகு, ஹவாய் சர்க்கரைக்கு அந்த நாட்டுல வரி இல்ல. தோட்டங்கள் தாறுமாறா பெருகுது. வேலைக்கு ஆள் பத்தல. அதே சமயம் மடெய்ராவுல திராட்சைத் தோட்டங்கள் நோய் விழுந்து நாசமாகி, ஜனங்க பிழைக்க வழி தேடிட்டு இருந்தாங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு கப்பல் ஏறிட்டாங்க. கரும்பு, ஒப்பந்தம், கப்பல். இந்த மூணு வார்த்தையைச் சேர்த்துக் கேட்டா நமக்கு வேற ஊர்கள் ஞாபகம் வரும். 1860-லயே மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோங்கிற கப்பல் நம்ம ஆட்களை ஏத்திக்கிட்டு நேட்டாலுக்குப் போச்சு. அதுவும் கரும்புக்குத்தான். மடெய்ராக்காரங்களுக்குக் கிடைச்ச கூலியும் மரியாதையும் நம்மவங்களுக்குக் கிடைச்சதை விட மேல. ஆனா உலகத்தோட டீயில சர்க்கரை போட, ஏதோ ஒரு தீவுல இருந்து ஏதோ ஒரு தீவுக்கு ஆளை ஏத்தி இறக்கின காலம் அது.

ரேவன்ஸ்கிராக்ல வந்தவங்கள்ல மூணு பேர் மரவேலைக்காரங்க. மனுவேல் நூனஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோஸே தொ எஸ்பிரித்தோ சாந்தோ. இன்னொருத்தர் ஜுவாவ் ஃபெர்னாண்டஸ், நல்லா வாசிக்கிறவர். 'குதிச்சு இறங்கி வாசிச்சார்'னு நான் சொன்ன ஆள் இவர்தான். இவங்க வந்து ரெண்டு வாரத்துக்குள்ள, செப்டம்பர் தொடக்கத்துல, ஹவாயியன் கெசட் பத்திரிகையில ஒரு சின்னச் செய்தி. மடெய்ராவுல இருந்து புதுசா வந்தவங்க ராத்திரி ராத்திரி தெருவுல கச்சேரி பண்றாங்க, விநோதமான வடிவத்துல கிட்டார் மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க, ஜனங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு.

இங்கதான் என் கதை உடையுது. அந்தச் செய்தியில 'உகுலேலே'ங்கிற பேரே கிடையாது. வெறும் 'விநோதமான கிட்டார்'தான். கரையில யாரும் கத்தல. கத்தியிருந்தாலும் யாரும் எழுதி வைக்கல. பேர் வந்தது பின்னாடி.

ஏன்னா அந்தக் கப்பல்ல 'யுகுலேலே'ன்னு ஒரு பொருளே வரல. வந்தது மஷேட்டிங்கிற குட்டி வாத்தியம், நாலு தந்தி. ரஜாவ்ங்கிற கொஞ்சம் பெரிய வாத்தியம், அஞ்சு தந்தி. மூணு மரவேலைக்காரங்களும் தோட்டத்து ஒப்பந்தம் முடிஞ்ச பிறகு ஹொனலூலுவுல கடை போட்டாங்க. உள்ளூர்ல கோவான்னு ஒரு மரம், பொன்னும் பழுப்பும் கலந்து பட்டு மாதிரி மின்னும். அதுல செஞ்சாங்க. போகப் போக, உடம்பு மஷேட்டியோடதா இருக்கு, சுருதி ரஜாவோடதா ஆயிடுது. ரஜாவோட அஞ்சு தந்தியில ஒண்ணைக் கழட்டிட்டா மீதி நாலும் இன்னைக்கு நம்ம யுகுலேலேயில இருக்கிற ஜி, சி, இ, ஏ. அந்த உயர்ந்த நாலாவது தந்தி சொன்னேன் இல்லையா, அது ரஜாவ் கொடுத்த சொத்து. பிற்பாடு மனுவேல் நூனஸ் தன் கடை லேபிள்ல 'யுகுலேலேயைக் கண்டுபிடித்தவர், 1879'ங்கிற மாதிரி போட்டுக்கிட்டார். கூட வந்த ரெண்டு பேரும் அதைப் படிச்சா என்ன நினைச்சிருப்பாங்களோ. விளம்பரம்னா அப்படித்தான்.

இந்தப் புது வாத்தியத்தைத் தூக்கி மேல உட்கார வச்சது அரண்மனை. கலாகாவுவா மன்னர். 1874-ல இருந்து 1891 வரைக்கும் ஆண்டவர். மிஷனரிகள் அநாகரிகம்னு ஒதுக்கி வச்சிருந்த ஹுலா நடனத்தைத் திரும்ப மேடை ஏத்தினவர். அவருக்கு இந்தச் சின்ன வாத்தியம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அரண்மனை விருந்துகள்ல, ஹுலாவுக்குப் பக்கவாத்தியமா, இது உள்ள நுழைஞ்சது. கூலிக்கு வந்தவங்க கொண்டு வந்த சாமான் பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குள்ள ராஜாவோட சபையில.

அந்தச் சபையில எட்வர்ட் பர்விஸ்னு ஒருத்தர் இருந்தார். ஆங்கிலேயர், மன்னர்கிட்ட அதிகாரி. ஆள் குள்ளம், சுறுசுறுப்பு, ஒரு இடத்துல நிக்க மாட்டார். மன்னரோ நல்ல ஆஜானுபாகு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னா எப்படி இருந்திருக்கும்? அரண்மனை ஆட்கள் பர்விஸுக்கு வச்ச பட்டப்பேர் 'உகுலேலே', குதிக்கிற பூச்சி. அவர் இந்த வாத்தியத்தை விரும்பி வாசிச்சார். ஆளோட பட்டப்பேர் வாத்தியத்துக்கு ஒட்டிக்கிச்சு. இது ரெண்டாவது கதை. இதுக்குக் கொஞ்சம் கனமான சாட்சி இருக்கு. மேரி கவேனா புக்குயியும் சாமுவேல் எல்பர்ட்டும் சேர்ந்து 1957-ல போட்ட ஹவாய் அகராதி, இன்னைக்கும் அந்த மொழிக்கு அதுதான் ஆதாரம், அதுல இந்த விளக்கம் இருக்கு. ஆனா அதுலயும் 'அநேகமாக'ன்னு ஒரு வார்த்தையைப் போட்டுத்தான் சொல்றாங்க. அகராதிக்காரங்க 'அநேகமாக'ன்னா நாம தலைகீழா நிக்கக் கூடாது.

மூணாவதா ஒண்ணு. ஹவாயில முன்னாடியே ஊகேகேன்னு ஒரு தந்தி வாத்தியம் இருந்துச்சு. சின்ன வில் மாதிரி, வாய்கிட்ட வச்சு வாசிக்கிறது. வாயோட உள்பக்கம்தான் அதுக்குப் பெட்டி. 'துள்ளுற ஊகேகே'தான் சுருங்கி உகுலேலே ஆச்சுங்கிறாங்க சிலர். எனக்கு இது ஒட்டல. கேட்க நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

இப்போ நான் தோண்டினதுல கிடைச்ச விஷயத்துக்கு வர்றேன். லோரின் ஆண்ட்ரூஸ்னு ஒரு மிஷனரி 1865-ல ஒரு ஹவாய் அகராதி போட்டார். 1865. கப்பல் வர இன்னும் 14 வருஷம் இருக்கு. அதுல 'உகுலேலே' இருக்கு! பொருள் என்ன? தெள்ளுப்பூச்சி. வாத்தியம் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, எப்படி இருக்கும்? அது இன்னும் பிறக்கவே இல்லையே.

தெள்ளுப்பூச்சின்னா நகரத்துல வளர்ந்த நமக்குக் கொஞ்சம் குழப்பம். நாய் காதுல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிச்சு உப்புறது உண்ணி. தலையில ஊர்றது பேன். நாய் மேலயும் பூனை மேலயும் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல எம்பிக் குதிக்கிறது தெள்ளு. ஹவாய் மொழியில பேனுக்கு 'உகு'. தலைப்பேனுக்கு 'உகு போஓ'. அங்க ஸ்கூல்ல இன்னைக்கும் பசங்களுக்குத் தலையில பேன் வந்தா 'உகு'ன்னுதான் சொல்றாங்க. 'லேலே'ன்னா குதி. பேன் குதிக்காது, ஊரத்தான் செய்யும். குதிக்கிற பேன்னு ஒண்ணு இருந்தா அது தெள்ளு. அப்போ 'குதிக்கிற பேன்'ங்கிறது யாரோ ஒருத்தர் விரலைப் பார்த்து அந்த நிமிஷம் கவித்துவமா சொன்னது இல்ல. ஊர்ல எல்லாரும் புழங்கின, சாதாரணமான, அரிக்கிற பூச்சியோட பேர். அதை ஆளுக்கு வச்சு வாத்தியத்துக்கு வந்துச்சோ, நேரா வாத்தியத்துக்கே வச்சாங்களோ, வச்சது கிண்டலுக்கும் செல்லத்துக்கும் நடுவுல இருக்கிற ஒரு பேர். நம்ம ஊர்ல ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கொரு பேர் வைக்கல? அந்த மாதிரி.

இத்தோட முடிச்சிருப்பேன். ஆனா இன்னொரு விளக்கம் இருக்கு. அதைச் சொன்னதா சொல்லப்படுறவங்க சாதாரண ஆள் இல்ல. ராணி லிலியுவோகலானி. கலாகாவுவாவோட தங்கை, ஹவாயோட கடைசி ஆட்சியாளர், பெரிய பாடலாசிரியை. 'அலோஹா ஓஏ' அவங்க எழுதினது. அவங்க இந்தப் பூச்சிக் கதையை ஏத்துக்கலையாம். உகு லேலேன்னா 'இங்கே வந்து சேர்ந்த பரிசு'ன்னு பொருள் சொன்னாங்களாம்.

முதல்ல இதைப் படிச்சப்போ, ராணி இல்லையா, பேன்னு சொல்ல நாக்கு கூசியிருக்கும்னு நினைச்சேன். அகராதியைப் பிரிச்சா, பரிசுங்கிறதும் சும்மா சொன்னது இல்ல. 'உகு'ன்னு இன்னொரு சொல் இருக்கு. கேட்க ஏறக்குறைய அதே சொல். பணம் கொடுக்கிறது, கட்டணம், கூலி, வெகுமதி எல்லாத்துக்கும் அது. 'லேலே'வுக்கும் குதிக்கிறதோட நிக்கல. பறக்கிறது, குதிரையில இருந்து இறங்கிறது, படகுல இருந்து கரை இறங்கிறது, எல்லாம் லேலேதான். 'கப்பல்ல வந்து இறங்கின வெகுமதி'. சரியாத்தான் வருது!

அப்போ பேனுக்கும் வெகுமதிக்கும் நடுவுல என்ன வித்தியாசம்? ஒரே ஒரு ஒலி. நமக்கு அது ஒலின்னே தோணாது. யாராவது 'காபி வேணுமா?'ன்னு கேட்டா, வாயைத் திறக்காம 'ம்ம்'னு நீட்டினா வேணும். 'ம்-ம்'னு நடுவுல தொண்டையை ஒரு நொடி அடைச்சு வெட்டினா வேண்டாம். அந்த அடைப்பு இருக்கு பாருங்க, அது ஹவாய் மொழியில ஒரு முழு மெய்யெழுத்து. பேர் ஒகினா. தலைகீழான குட்டி மேற்கோள் குறி மாதிரி எழுதுவாங்க. தொண்டையை அடைச்சுத் திறந்து 'உகு'ன்னா பேன். அடைக்காம மெதுவா 'உகு'ன்னா வெகுமதி.

சிக்கல் என்னன்னா, 19-ம் நூற்றாண்டுல ஹவாய் மொழிக்கு எழுத்து அமைச்ச மிஷனரிகள் அந்த அடைப்புக்குத் தனி எழுத்து கொடுக்கல. எழுதினா பேனும் வெகுமதியும் ஒண்ணுதான். தாய்மொழிக்காரங்களுக்கு அதனால கஷ்டம் இல்ல. நாம 'பாவம்'னு எழுதறோம். 'அவன் பாவம் பண்ணிட்டான்'னா ஒரு ப. 'அந்த டான்ஸர் முகத்துல பாவமே இல்ல'ன்னா இன்னொரு ப. எழுத்து ஒண்ணுதான், வாய் தானா மாத்திக்கும். ஏன்? வீட்டுல கேட்டு வளர்ந்திருக்கோம். எழுத்துல இல்லாத ஒலியைக் காது பத்திரமா வச்சிருக்கு.

காது இருக்கிற வரைக்கும்தான் அது.

1893 ஜனவரியில, சர்க்கரை முதலாளிகளும் அவங்க கூட்டாளிகளும் ராணி லிலியுவோகலானியைப் பதவியில இருந்து இறக்கினாங்க. துறைமுகத்துல நின்ன அமெரிக்கப் போர்க்கப்பல்ல இருந்து படை கரை இறங்கி நின்னுச்சு. 1895-ல ராணியை அவங்களோட அரண்மனையிலயே ஒரு அறையில சிறை வச்சாங்க. 1896-ல, ஸ்கூல்ல ஆங்கிலம் மட்டும்தான் பாடமொழின்னு சட்டம். 1898-ல அமெரிக்கா ஹவாயைச் சேர்த்துக்கிச்சு. அந்த 1896 சட்டம்தான் நம்ம கதைக்கு முக்கியம். ஸ்கூல்ல பேசினா தண்டனை, வீட்டுல பேசினா முன்னேற முடியாதுங்கிற பயம். ரெண்டு மூணு தலைமுறையில பிள்ளைகளுக்கு மொழி போச்சு. மொழி போனா காது போச்சு. காது போனா, பழைய பேப்பர்ல 'உகு'ன்னு இருக்கிறதை யாரு எப்படி உச்சரிப்பாங்க?

இங்க என் கருத்தைச் சொல்லிடுறேன். வாத்தியத்தோட பேர் பூச்சியில இருந்து வந்ததுதான்னு நான் நம்புறேன். 1865 அகராதி என்னை அந்தப் பக்கம் தள்ளுது. இன்னைக்கு முறையா எழுதறவங்க அந்தப் பேருக்கு முன்னாடி ஒகினா போட்டுத்தான் எழுதறாங்க, அதாவது பேன் பக்கம். ஆனா ராணிக்கு இது தெரியாதா? தாய்மொழி அது. அடைப்பு எங்க இருக்கு, எங்க இல்லைன்னு நம்ம எல்லாரையும் விட அவங்களுக்குத் தெரியும். ஹவாய் பாட்டுல காவொனான்னு ஒரு மரபு இருக்கு. மேல ஒரு பொருள், உள்ள ஒரு பொருள். மழைன்னு பாடினா மழை மட்டும் இல்ல, ஒரு ஆளு, ஒரு காதல். கிட்டத்தட்ட நம்ம சிலேடை மாதிரி. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பாடின காளமேகத்துக்குப் பாம்பும் பழமும் வேற வேறன்னு தெரியாம இல்ல. லிலியுவோகலானி அதுல கை தேர்ந்தவங்க. அவங்க 'வந்து சேர்ந்த பரிசு'ன்னு சொன்னது சொல் ஆராய்ச்சி இல்ல, சிலேடைன்னு நான் எடுத்துக்கிறேன். நாட்டைப் பறிகொடுத்த ஒருத்தங்க, கடல் வழியா வந்ததுல ஒண்ணே ஒண்ணையாவது பரிசுன்னு சொல்ல விரும்பியிருக்கலாம்.

இன்னொண்ணு, இது என் சொந்த விளையாட்டு, யாரும் வரலாறுன்னு எடுத்துட்டுப் போயிடாதீங்க. 'உகு'வுக்கு வெகுமதி மட்டும் இல்ல, கூலிங்கிற பொருளும் இருக்குன்னு சொன்னேன். அப்போ 'உகு லேலே'ன்னா 'கப்பல்ல வந்து இறங்கின கூலி'ன்னும் படிக்கலாம். இதை முதல் தடவை நோட்டுல எழுதிப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணாம உட்கார்ந்திருந்தேன். ரேவன்ஸ்கிராக்ல வந்த அத்தனை பேரையும் ரெண்டே சொல்லுல சொல்ற மாதிரி இருந்துச்சு. தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் கூடுதலா சுடும், உங்களுக்கே தெரியும்.

மீதியை வேகமா சொல்லிடுறேன், ஏன்னா மீதி எல்லா வீடியோவுலயும் இருக்கு. 1915-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல பெரிய உலகக் கண்காட்சி. பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட. அங்க ஹவாய் அரங்கத்துல வாசிச்ச குழு அமெரிக்காவுக்கே பைத்தியம் பிடிக்க வச்சுது. அடுத்த வருஷமே, மார்ட்டின் மாதிரி பேர் போன கிட்டார் கம்பெனி யுகுலேலே செஞ்சு விக்குது. அங்கதான் 'உ' போய் 'யூ' ஆச்சு. யூகலேலி. நம்ம கைக்கு வந்து சேர்ந்தது அந்த அமெரிக்க உச்சரிப்புதான்.

பூச்சி மட்டும் இதை விட்டுப் போகவே இல்ல, அதான் எனக்குச் சிரிப்பு. சுருதி சேர்க்கிறதுக்கு ஆங்கிலத்துல ஒரு வாய்ப்பாடு சொல்லித் தருவாங்க. நாலு தந்திக்கு நாலு வார்த்தை, மை டாக் ஹாஸ் ஃப்ளீஸ். என் நாய்க்குத் தெள்ளு இருக்கு! 1920-கள்ல யுகுலேலேயை வச்சே ஸ்டார் ஆன க்ளிஃப் எட்வர்ட்ஸ், 'யுகுலேலே ஐக்'னு பேரு, அவர் பின்னாடி டிஸ்னியோட 'பினாக்கியோ' படத்துல ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். யாருக்கு? ஜிமினி கிரிக்கெட். ஒரு சிள்வண்டுக்கு. திரும்பவும் துள்ளுற பூச்சி. இதெல்லாம் யாரும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது.

ஹவாய் மொழிக்கு என்ன ஆச்சு? முழுசா போகல. 1957 அகராதி சொன்னேன் இல்லையா, அதுல புக்குயி அம்மா செஞ்ச பெரிய வேலை, ஒவ்வொரு சொல்லுலயும் அந்தத் தொண்டை அடைப்பு எங்க வருதுன்னு குறிச்சு வச்சது. காதுல இருந்ததை எழுத்துக்குக் கொண்டு வந்தாங்க. 1978-ல ஹவாய் மொழி மாநிலத்தோட ஆட்சிமொழிகள்ல ஒண்ணாச்சு. 1984-ல முழுக்க ஹவாய் மொழியிலயே நடக்கிற மழலையர் பள்ளி முதல் தடவையா திறந்தாங்க. பூனானா லேயோன்னு பேரு, குரல்களோட கூடு. 2015-ல யுகுலேலேயை மாநிலத்தோட நவீன வாத்தியமா சட்டம் போட்டு அறிவிச்சாங்க. பழைய மரபுக்கு பஹுங்கிற முரசு, புதுசுக்கு இது.

நடுவுல ஒரு மனுஷன் இருக்கார். நீங்க எல்லாரும் அவர் குரலைக் கேட்டிருக்கீங்க, பேர் தெரியாம இருக்கலாம். அந்த வானவில் பாட்டு, ஒரே ஒரு யுகுலேலே, ஒரே ஒரு குரல், எத்தனையோ படத்துலயும் விளம்பரத்துலயும் வந்தது. இஸ்ரேல் கமகவிவோஓலே. 1988-ல ஒரு நாள் ராத்திரி மூணு மணி வாக்குல ஸ்டுடியோவுக்கு வந்து, ஒரே டேக்ல பாடிட்டுப் போனது. 1993-ல ஆல்பத்துல வெளிவந்துச்சு. 1997-ல 38 வயசுல இறந்துட்டார். அவர் உடலை மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்துல மக்கள் அஞ்சலிக்கு வச்சாங்க. நான் அவர் பேரைச் சொல்லும்போது 'வோ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவுல நின்னதைக் கவனிச்சீங்களா? அதான் ஒகினா. அவர் பேருக்குள்ளயே ஒண்ணு இருக்கு.

கடைசியா, எப்படிச் சொல்றதுன்னு கேட்பீங்க. இதுல தமிழ் எழுத்து நமக்கு ஒரு உதவி பண்ணுது. அந்தச் சொல்லுல இருக்கிற நாலு உயிரும் குறில். ஆங்கிலத்துல குறில் எ, நெடில் ஏ வித்தியாசத்தைக் காட்ட எழுத்து கிடையாது, நம்மகிட்ட இருக்கு. 'யுகுலேலே'ன்னு நாம எழுதறதுல லே ரெண்டும் நீண்டுடுது. நானும் இவ்வளவு நேரம் பழக்கத்துல அப்படித்தான் நீட்டிட்டு இருந்தேன். உண்மையில கிட்டத்தட்ட 'உக்குலெலெ'. முன்னாடி தொண்டையை ஒரு நொடி அடைச்சு, சட்டுன்னு திறந்து உ. நான் ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பழகறேன். வீட்டுல விக்கல்னு நினைச்சுத் தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க.

அந்த ஒரு வரி மெசேஜ் அனுப்பினவங்களுக்கு: யாரும் கேட்கல. நீங்க கேட்டதுக்கு நன்றி. பழைய எபிசோடுல அந்தப் பகுதிக்கு முன்னாடி ஒரு திருத்தம் சேர்த்திருக்கேன். அடுத்த வாரம், தள்ளி வச்ச அந்த டாபிக்கோட வர்றேன். இப்போ அலமாரி மேல இருந்து அதை எடுத்து, தூசி தட்டி, சுருதி சேர்க்கப் போறேன். ஜி தந்தி எப்பவும் போல இறங்கிப் போயிருக்கு.